நாடி நோட்டு: 366 நாள் வரவுசெலவு

24, 31, 27, 38.

அம்மாவின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடிக்கு ஒருதரம் குறித்த நான்கு எண்கள். இடம் தென்காசி. நேரம் பின்னிரவு 2.40. கூட்டினால் நிமிடத்துக்கு 120. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த குறுக்குவழியில் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கியிருந்தால், முதல் எண்ணுக்கு 96 வந்திருக்கும். ‘பரவாயில்லையே’ என்று திரும்பிப் படுத்திருப்பேன். கடைசி எண்ணைப் பிடித்திருந்தால் 152. அலறியடித்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன். ஒரே மணிக்கட்டு, ஒரே நிமிடம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற இதய மேலறை நடுக்கத்தில் நாடியை ஏன் முழு 60 விநாடியும் எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

சித்த வைத்தியர் நாடி பார்க்கும் அதே இடம்தான். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று அவர் பிரிப்பார். நமக்கு அவ்வளவு ஞானம் வேண்டாம். இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும்: நிமிடத்துக்கு எத்தனை? தாளம் சீராக இருக்கிறதா, தறிகெட்டு ஓடுகிறதா?

தறிகெட்டு ஓடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒழுங்காகத் துடிக்கும் இதயம் நிமிடத்துக்கு 72 வீதம் நாளொன்றுக்கு 1,03,680 முறை துடிக்கும். மேலறை நடுங்கும்போது அங்கே கிளம்பும் மின்துடிப்பு நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை போகும். அத்தனையும் கீழே இறங்கினால் ஆள் பிழைக்க முடியாது. நடுவில் இருக்கும் கணு ஒரு சோதனைச்சாவடி மாதிரி நின்று, நூற்றுச் சொச்சத்தை மட்டும், அதுவும் ஒழுங்கில்லாமல், கீழே விடுகிறது. அம்மாவுக்கு அன்றைக்கு 2.40-க்குத் தொடங்கியது மத்தியானம் 12 மணிக்கு நின்றது. 560 நிமிடம். சராசரி 120 என்று வைத்தால் 67,200 துடிப்பு; அவருடைய வழக்கமான 68 வீதம் என்றால் 38,080. ஒரு தூக்கம் தூங்கி எழும் நேரத்தில் 29,120 துடிப்பு அதிகம். மறுநாள் முழுக்க, ‘வயக்காட்டு வேல பாத்த மாதிரி இருக்கு’ என்று அவர் படுத்தே கிடந்ததில் ஆச்சரியமில்லை.

அன்றிலிருந்து நோட்டுப் போட்டேன். மளிகைக்கடைப் பற்று நோட்டு போல நீளமானது. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நாடி, பிபி, கடைசியாக மாத்திரை போட்ட நேரம் என்று ஆறு கட்டம். 2024 முழுக்க எழுதினேன். அது லீப் வருடம். 366 நாள், 8,784 மணி நேரம். அதில் மேலறை நடுங்கியது ஒன்பது தடவை. மிகச் சிறியது 40 நிமிடம், மிக நீண்டது 31 மணி நேரம். எல்லாம் சேர்த்து 74 மணி நேரம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.84.

இந்த 0.84-ஐ வைத்துத்தான் எங்கள் வீட்டில் வருடம் முழுக்கச் சண்டை.

“அதான் நின்னுட்டுல்லா, இனி எதுக்கு மாத்திர?” என்பது அம்மா கட்சி. படபடப்பு வந்தால் மாத்திரை, நின்றால் நிறுத்தம். தலைவலி மாத்திரை போட்டுப் பழகிய யாருக்கும் நியாயமாகத் தோன்றும் வாதம். ஆனால் இங்கே கணக்குகள் இரண்டு. படபடப்பின் கணக்கு ஒன்று, ரத்தக்கட்டியின் கணக்கு இன்னொன்று. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்தது கிளம்பினால் நேரே மூளைக்குப் போகும். இந்த நோய் இருப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் ஆய்வு 1991-இல் கணக்குச் சொன்னது. அந்த வாய்ப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஏற்கனவே வந்த பக்கவாதம் முதலானவை. படபடப்பு எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

மருத்துவர் போடும் சாட்ஸ்-வாஸ்க் மதிப்பெண் இதுதான். அம்மாவுக்கு வயது 71, அதற்கு 1. ரத்த அழுத்தம், 1. பெண் என்பதற்கு 1. ஆக 3. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-இல் பெண் என்பதற்கான மதிப்பெண்ணை எடுத்துவிட்டது. அந்தக் கணக்கில் 2. எப்படிப் பார்த்தாலும் உறைவுத் தடுப்பு மாத்திரை வேண்டிய வரிசையில்தான் நிற்கிறார். 75 வயதானால் வயதுக்கு மட்டுமே 2.

இடையில் ஒரு உறவினர், “ஆஸ்பிரின் போட்டா போதாதா, ரெண்டு ரூவா தானே?” என்றார். 28,044 பேர் இருந்த 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-இல் வந்த கணக்கு அவருக்குப் பதில் சொல்லும். வார்ஃபரின் பக்கவாதத்தை 64 விழுக்காடு குறைத்தது. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் 22 விழுக்காடு. 2011-இல் வந்த அவெரோஸ் ஆய்வில் வார்ஃபரின் ஒத்துவராத 5,599 பேரைப் பிரித்து அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு 1.6 பக்கவாதம் ஒரு பக்கம், 3.7 மறுபக்கம். பெரிய ரத்தப்போக்கு 1.4-க்கு 1.2, வித்தியாசம் என்று சொல்ல எதுவுமில்லை. ரெண்டு ரூபாய் என்பது மலிவுதான், அது வாங்கித் தருவதும் அந்த அளவுதான்.

அம்மாவுக்கு எழுதியது அபிக்சபான் 5 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. காப்புரிமை தீர்ந்து பல கம்பெனி போடத் தொடங்கிய பிறகு நான் வாங்கியது ஒன்று 14 ரூபாய் வீதம். வருடத்துக்கு 732 மாத்திரை, 10,248 ரூபாய். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெட்டோபுரோலால் ஒன்று 5 ரூபாய், 1,830. ஆக மருந்துக் கடைக்கு 12,078.

டிசம்பர் 31-ஆம் தேதி அட்டைகளைக் கொட்டி எண்ணினேன். 23 அபிக்சபான் மீதி. நூற்றுக்கு மூன்று. வேறு எந்த விஷயத்திலும் 97 மதிப்பெண் என்றால் மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாம். அபிக்சபான் உடம்பில் பாதியாகக் குறைய 12 மணி நேரம்தான் எடுக்கும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை வரும்வரை காவல் மெலிந்துவிடும். வார்ஃபரின் மாதிரி இரண்டு மூன்று நாள் தாங்காது. தவறியது நினைவுக்கு வந்தால் அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம்; அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. தவறிய 23-இல் 17 இரவு மாத்திரை. எட்டு மணி சீரியல் விளம்பர இடைவேளையோடு மாத்திரையைக் கட்டிவைத்திருந்தோம்; ஞாயிற்றுக்கிழமை சீரியல் கிடையாது. காரணம் அவ்வளவுதான்.

கருவிகளின் செலவுக்கு வருவோம். கடைக்காரர் முதலில் நீட்டியது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், 900 ரூபாய். கொரோனா காலத்திலிருந்து தெருவுக்கு நாலு வீட்டில் கிடப்பதுதான். அது ஆக்சிஜனைச் சரியாகச் சொல்லும். மேலறை நடுங்கும்போது நாடி எண்ணிக்கையில் கோட்டைவிடும். ஒருமுறை ஈசிஜி எடுத்தபோது தாளில் 138, அதே நேரம் விரலில் 112. இதயம் அரைகுறையாக நிரம்பி அடிக்கும் சில துடிப்பு விரல்நுனி வரை வந்து சேர்வதில்லை. வராததைக் கருவி எண்ண முடியாது. அந்த 26 துடிப்பு எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டே, மாதக்கணக்கில் அதை நம்பி எழுதிய பக்கங்களைச் சிவப்புப் பேனாவால் சுழித்தேன்.

அடுத்தது கையில் கட்டும் பிபி மிஷின், 2,400. தாளம் தப்பினால் ஒரு இதயச் சின்னம் மினுக்கும். இடையில் ஒரு துடிப்பு முந்தி வந்தாலும் அது மினுக்கும் என்பதால், சின்னத்தைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. மூன்று தடவை எடுத்து மூன்றிலும் மினுக்கினால் ஈசிஜிக்குப் போகலாம். பிபியும் ஒரு தடவை எடுத்து எழுதினால் இந்த நோயில் பிரயோசனமில்லை. 148, 126, 137 என்று வரும், சராசரி 137. இந்தச் சின்னத்தைக் கேலிசெய்யவும் வேண்டாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு, மேலறை நடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் நிரல் வைத்த ஒரு பிபி மிஷினை ஆரம்ப நிலை மருத்துவர்களுக்கு 2013-லேயே பரிந்துரைத்தது.

பெங்களூரில் இருக்கும் தம்பி வாட்ச் வாங்கித் தருகிறேன் என்று நின்றான். ஆப்பிள் வாட்ச் 10 இந்தியாவுக்கு வந்தபோது விலை 46,900-இல் தொடங்கியது. கூடவே அதே கம்பெனிப் போனும் வேண்டும். பக்கத்துக் குமிழில் 30 விநாடி விரலை வைத்தால் ஒற்றைத் தட ஈசிஜி வரும், மருத்துவருக்கு அனுப்பலாம். நல்ல பொருள்தான். ஆனால் 46,900-ஐ ஒரு நாள் அபிக்சபான் செலவான 28-ஆல் வகுத்தால் 1,675 நாள் வருகிறது. நாலு வருடம் ஏழு மாத மாத்திரை. “அந்தக் காச மெடிக்கல்ல கட்டிரு” என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை.

அவன் பக்கமும் எண்கள் இருக்கின்றன. 2019-இல் வந்த ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் வாட்ச் கட்டினார்கள். தாளம் தப்புகிறது என்ற எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, நூற்றுக்கு 0.52. நாற்பதுக்கு உட்பட்டவர்களில் 0.16, அறுபத்தைந்து தாண்டியவர்களில் 3.1. வாட்ச் வாங்கும் வயதுக்கும் நோய் வரும் வயதுக்கும் இடையில் ஒரு தலைமுறை இருக்கிறது என்று இதைப் படிக்கலாம். டென்மார்க்கின் லூப் ஆய்வு இன்னும் கறாரானது. 70 முதல் 90 வயது வரை 6,004 பேர். கால்வாசிப் பேருக்கு நெஞ்சுத் தோலுக்கடியில் பதிவுக் கருவியே வைத்துவிட்டார்கள். கருவி வைத்தவர்களில் 31.8 விழுக்காட்டினருக்கு நோய் பிடிபட்டது, வைக்காதவர்களில் 12.2. கண்டுபிடித்தது இரண்டரை மடங்குக்கு மேல். பக்கவாதம் முதலானவை 4.5-க்கு 5.6, புள்ளியியல் கண்ணில் அது தேறவில்லை. இருப்பது தெரியாதவர்களைத் தேடும் ஆய்வு அது. அம்மாவுக்கு நோய் இருப்பது ஏற்கனவே தெரியும். தெரிந்த பிறகு இன்னும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதால் என்ன லாபம் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு 2010-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ரேஸ்-2 ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. நடுக்கம் நிரந்தரமாகிவிட்ட 614 பேர். ஒரு பிரிவுக்கு ஓய்வில் நாடி 110-க்குக் கீழே இருந்தால் போதும் என்றார்கள். மறு பிரிவுக்கு 80-க்குக் கீழே கொண்டுவந்தே தீருவது என்று மருந்தைக் கூட்டினார்கள். மூன்று வருட முடிவில் கெட்டது நடந்தது 12.9 விழுக்காடு, 14.9 விழுக்காடு. தளர்வாக விட்டவர்கள் மோசமாகவில்லை. அதைவிடப் பெரிய எண் இது: இலக்கை எட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்கு நடந்த நடை தளர்வுப் பிரிவில் மொத்தமே 75, கறார்ப் பிரிவில் 684. ஒன்பது மடங்கு! எங்கள் நோட்டில் 92, 97, 101 என்று வந்த நாளெல்லாம் நான் அம்மாவை ஆட்டோவில் ஏற்றியது நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது. ஆட்டோ 60, ஈசிஜி 200, மருத்துவர் 300. அப்படி ஆறு தடவை, 3,360 ரூபாய். அம்மாவுக்கு நடுக்கம் நிரந்தரமில்லை என்பதால் இலக்கு எவ்வளவு என்று அவருடைய மருத்துவரிடமே கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு இவ்வளவுதான். பின்தெரு அக்காவின் கணக்கு வேறு. உண்மையில் இந்தியாவின் கணக்கு அதுதான்.

அக்காவுக்கு வயது 42. பீடி சுற்றுகிறார். தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கம் திண்ணைக்குத் திண்ணை பார்க்கும் அதே சுளகு, அதே கத்தரி. சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு வந்த மூட்டுவாதக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டது. மைட்ரல் வால்வு சுருக்கம். அதன்மேல் மேலறை நடுக்கம். மேற்கத்திய நாடுகளில் இந்த நடுக்கம் எழுபது தாண்டியவர்களின் நோய். இந்திய இதயத் தாளச் சங்கம் 2011–12-இல் 24 மருத்துவமனைகளில் 1,537 நோயாளிகளைப் பதிந்தபோது சராசரி வயது 54.7. அவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கு மூட்டுவாதக் காய்ச்சலால் கெட்ட வால்வு. ஏறக்குறையப் பாதி. வாட்ச் விளம்பரத்தில் வரும் நரைத்த தலை, ஜாகிங் ஷூ ஆசாமி அந்தப் பதிவேட்டின் சராசரி மனிதர் இல்லை. பீடித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத்தான் அந்த இடம்.

அக்காவுக்கு அபிக்சபான் மாதிரிப் புது மருந்து கிடையாது. வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு வார்ஃபரின், அசினோகூமரால் வகைதான். ‘புதுசு வந்திருக்கே, அதைக் கொடுத்தால் என்ன’ என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. 24 நாடுகளில் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் பதில் சொன்னது. சராசரி வயது 50.5, நூற்றுக்கு 72 பேர் பெண்கள். அக்காவை அளவெடுத்துத் தைத்த மாதிரி. புது மருந்தான ரிவராக்சபான் பிரிவில் 2,275 பேரில் 560 பேருக்குப் பக்கவாதம், மரணம் முதலானவற்றில் ஒன்று நேர்ந்தது. பழைய மருந்துப் பிரிவில் 2,256 பேரில் 446. பழையதுதான் ஜெயித்தது.

பழையது மலிவும்கூட, அட்டையில் மட்டும். ஒரு நாளைக்கு 4 ரூபாய், வருடத்துக்கு 1,464. ஆனால் அதோடு ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை ஒட்டிக்கொண்டு வரும். எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 2-க்குக் கீழே போனால் கட்டி, 3-க்கு மேலே ஏறினால் ரத்தப்போக்கு. முதல் மாதம் அடிக்கடி, அப்புறம் மாதம் ஒன்று. வருடத்துக்கு 18 என்று வைப்போம். எங்கள் ஊர் லேபில் 300 வீதம் 5,400. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, போக்குவரத்துக்குப் பூஜ்யம். அது கணக்கில் பெரிய நிம்மதி. ஆனால் அரை நாள் போய்விடும்.

“ஊசி குத்தி ரத்தம் எடுக்கதுக்கே நானூறு பீடி போயிருது தம்பி.”

அவர் நேரத்தை மணியில் சொல்வதில்லை. 18 அரை நாளுக்கு 7,200 பீடி. ஆயிரத்துக்கு 250 ரூபாய் கூலி என்று வைத்தால் 1,800. மாத்திரை, லேப், பீடி எல்லாம் சேர்த்து 8,664. அம்மாவின் விலையுயர்ந்த புது மருந்துக்கு 10,248. வித்தியாசம் 1,584 ரூபாய்தான், மாதத்துக்கு 132.

காசில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1965-இல் தொடங்கிய கல்லூரி. தென்காசியிலிருந்து 55 கிலோமீட்டர். பரிசோதனை இலவசம். வெளியூர் பஸ் இலவசமில்லை. போக வர 100 ரூபாய் என்று வைத்தால் 1,800. முழு நாள் போகும், 800 பீடி. பதினெட்டு நாளுக்கு 14,400 பீடி, 3,600 ரூபாய். கூட்டினால் 5,400. லேப் கட்டணம் அப்படியே வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. உள்ளூர் லேபுக்கு ஆகும் 7,200-ஐவிட 1,800 மிச்சம். அதற்கு ஒன்பது முழு நாள் கூடுதலாகத் தேய வேண்டும். மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது 2021 ஆகஸ்டில். பிபிக்கும் சர்க்கரைக்கும் அந்தத் திட்ட ஊழியர் பையோடு தெருவுக்கு வருகிறார். ஒரு சொட்டு ரத்தத்தில் ஐஎன்ஆர் பார்க்கும் கையடக்கக் கருவி உலகத்தில் இருக்கிறது. அந்தப் பையில் அது ஒன்று ஏறினால் 7,200 பீடியும் அக்காவிடமே இருக்கும். அரசாங்கத்திடம் நான் கேட்பது இந்த ஒன்றுதான்.

ஐஎன்ஆரைக் கெடுப்பவை எல்லாம் அக்காவின் அன்றாடத்திலேயே இருக்கின்றன. முருங்கைக்கீரையில் வைட்டமின் கே அதிகம். மருந்தின் வேலையைக் குறைக்கும். கீரையை நிறுத்தச் சொல்வது தவறு. வாரம் இரண்டு நாள் சாப்பிடுபவர் எல்லா வாரமும் இரண்டு நாள் சாப்பிட வேண்டும். ஆடியில் மரம் தழைத்தது என்று தினமும் ஆயக் கூடாது. கீரையைவிட எனக்குப் பயம் முதுகுவலி. காலையிலிருந்து குனிந்து பீடி சுற்றினால் முதுகு போகாமல் என்ன செய்யும்? டைக்ளோஃபெனாக் மாத்திரை பெட்டிக்கடை வரை கிடைக்கிறது. வார்ஃபரினோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். வயிற்றுப்போக்குக்குப் போடும் மெட்ரோனிடசோல் ஐஎன்ஆரைச் சடாரென்று ஏற்றும். எந்தக் கடையில் எந்த மாத்திரை கேட்டாலும் ‘நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திர போடுதேன்’ என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அக்கா இதை மனப்பாடம் செய்துவிட்டார். சொன்னால் பாதிக் கடைக்காரர்களுக்குப் புரிவதில்லை என்பது அவருடைய புகார்.

இனி சீசன். ஜூன் பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு ஊரே திரும்பும். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். எங்கள் நோட்டில் வருடத்தின் ஒன்பது நடுக்கத்தில் நான்கு ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில். வீட்டில் விருந்தாளி, ராத்திரி பதினொரு மணிக்கு பார்டர் பரோட்டா, தூக்கம் கெடுதல், தண்ணீர் குடிக்க மறத்தல். அம்மாவுக்கு இவ்வளவுதான். ஐந்தருவிக்கு வேனில் வந்து இறங்கும் மாப்பிள்ளைமாருக்கு இன்னொரு ஐட்டமும் உண்டு. விடுமுறைக்கால இதயம் என்ற பெயரையே 1978-இல் எட்டிங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்தார். குடித்துவிட்டு வந்த 24 பேரிடம் 32 தாளத் தப்பல். 2020-இல் ஆஸ்திரேலியாவில் இந்த நோயுள்ள குடிப்பவர்கள் 140 பேரில் பாதிப் பேரைக் குடியை நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் மறுபடி நடுக்கம் வந்தது நிறுத்தியவர்களில் 53 விழுக்காடு, நிறுத்தாதவர்களில் 73. செலவே இல்லாத மருந்து, சொல்லப்போனால் வரவு.

“அருவியில தலையக் குடுத்தா எல்லாம் அடங்கிரும்” என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வேகத்துடிப்பில் இன்னொரு வகை இருக்கிறது, சீராக 180, 190 என்று ஓடும் எஸ்விடி. அதற்குக் குளிர்ந்த நீரும் மூச்சை இறுக்குவதும் வேலை செய்யும். 2015-இல் ரிவர்ட் என்ற ஆய்வில் 15 விநாடி முக்கி, உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததில் 43 விழுக்காட்டினருக்குத் தாளம் திரும்பியது. காலைத் தூக்காத பழைய முறையில் 17. அது எஸ்விடியின் எண். மேலறை நடுக்கத்துக்கு அந்த வித்தை பலிக்காது. பேரருவி தலையில் விழுந்தால் நடுக்கம் அடங்காது. பாசிப்பாறையில் வழுக்கி மண்டை இடித்தால், உறைவுத் தடுப்பு மாத்திரை போடும் ஆளுக்கு உள்ளே ரத்தம் கசிவதை நிறுத்த ஆளில்லை. தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுக்க வேண்டும். அம்மா சிற்றருவியில் கரையோரம் வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டு திரும்பிவிடுவார்.

நடுக்கம் வந்தால் என்ன செய்கிறோம் என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் ஒன்றுமில்லை. உட்காரவைத்து, 60 விநாடி எண்ணி, நேரத்தை எழுதி, மருத்துவர் சொல்லிவைத்த மெட்டோபுரோலால். பொறுத்துப் பார்ப்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2019-இல் நெதர்லாந்தில் புதிதாக நடுக்கம் வந்து அவசரப் பிரிவுக்கு வந்த 437 பேரில் ஒரு பாதியினருக்கு உடனே தாளம் மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைத்து 48 மணி நேரம் காத்திருந்தார்கள். 69 விழுக்காட்டினருக்குத் தானாகவே சரியானது. நான்கு வாரம் கழித்துச் சீரான தாளத்தில் இருந்தவர்கள் 91 விழுக்காடு. உடனே மாற்றிய பிரிவில் 94. வீட்டிலேயே ஒரு மாத்திரை போட்டுத் தாளத்தைத் திருப்பும் முறையும் உண்டு. இத்தாலியில் 2004-இல் வந்த ஆய்வில் 569 நடுக்கத்துக்கு ஃபிளெகனைடோ புரோபஃபினோனோ போட்டதில் 534 அடங்கின, சராசரி 113 நிமிடத்தில். ஆனால் அந்த மாத்திரையை முதல் தடவை ஆஸ்பத்திரியில் வைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சேர்ந்த 268 பேரில் 58 பேர் அந்தக் கட்டத்திலேயே விலக்கப்பட்டார்கள். இதயத்தில் வேறு கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் வாங்கிப் போடும் மாத்திரை இல்லை.

காத்திருக்கக் கூடாத நேரம் வேறு. நெஞ்சு வலி, மயக்கம், படுத்தால் மூச்சு முட்டல். வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல். அப்போது நோட்டு வேண்டாம், 108. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4½ மணி நேரம், அதாவது 270 நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் மூளையில் 19 லட்சம் நரம்பணு போகிறது. நோட்டின் ஆறாவது கட்டம் அந்த நேரத்துக்குத்தான்: கடைசி மாத்திரை எப்போது போட்டது என்பதை வைத்துத்தான் ஊசி போடலாமா கூடாதா என்று மருத்துவர் முடிவெடுப்பார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கு உடனே கொடுக்க ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 14 மாத்திரை வைத்திருக்கிறார்கள், 2023 ஜூனிலிருந்து. நல்ல திட்டம். அது மாரடைப்புக்கு. ‘இதயத்துக்கு’ என்று கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் சங்கதி இல்லை. ஏற்கனவே உறைவுத் தடுப்பு போடுபவர் அதை அங்கே சொல்லியாக வேண்டும்.

வருடக் கணக்கு முடித்தேன். மருந்து 12,078. கருவி 3,300, அதில் ஆக்சிமீட்டர் 900-ஐ வாராக்கடன் என்று எழுதலாம். ஒரு எக்கோ 1,500. சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை 800. தேவையில்லாத ஆட்டோ-ஈசிஜி நடை 3,360, தேவையான நடை நான்கு, 2,240. கூட்டினால் 23,278 ரூபாய். அதில் பக்கவாதத்தைத் தடுத்த வரி என்று நான் நம்புவது 10,248 மட்டும்தான். அதிலும் 322 ரூபாய் பெறுமான 23 மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது.

ஜனவரியில் அக்கா வந்து, தனக்கும் ஒரு நோட்டுக் கோடு போட்டுத் தரச் சொன்னார். தேதி, ஐஎன்ஆர், மாத்திரை அளவு என்று மூன்று கட்டம் போட்டேன். நாலாவதாக ஒன்று வேண்டும் என்றார். அவரே கையால் தலைப்பு எழுதினார்: ‘பீடி’. முதல் வரி:

ஜனவரி 9. 2.4. மாற்றமில்லை. 380.

“இருவது மிச்சம்,” என்றார். “பஸ்ஸு சீக்கிரம் வந்துட்டு.”